அழுத முகத்துப் பொத்தான்

நடுவட்டத்து மூடுபனியைப் பற்றிக் கூடலூர்க்காரர்கள் சொல்வதில் பாதி பொய். ஒரு கண்டக்டர் பனிக்குள் நீண்ட கைக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் எண்ணிப் பார்த்தால், பஸ்ஸில் இருந்த ஆட்களைவிட விற்ற டிக்கெட் அதிகமாக இருந்ததாம். அது பொய்யில்லாத பாதி.

அப்படியொரு பனி இறங்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊட்டியில் கூடலூர் பஸ்ஸைப் பிடித்தாள் ரேணுகா. மே மாதம். குல்லா போட்ட சுற்றுலாக்காரர்கள் பஸ்ஸை நிறைத்திருந்தார்கள். ஒரே ஒரு இடம் மிச்சம். அதிலும் ஒரு அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரம் இருந்தவன், புது மாப்பிள்ளை மாதிரி அதன் தோளில் கை போட்டிருந்தான்.

"பெட்டியை எடுங்க" என்றாள்.

"ஏனுங்க, இது உடையற சாமானுங்க..."

"நானும் உடையற சாமான்தான். காலையில இருந்து ஊட்டியில நின்னு பாதி உடைஞ்சாச்சு. எடுங்க."

"மேல வெச்சா விழுந்துருமுங்க."

"அப்ப நீங்க மேல ஏறி உக்காந்துக்கிட்டு அதைக் கீழ வைங்க."

முன்சீட்டுக் குல்லாக்காரர் சிரித்தார். அவன் பெட்டியைத் தூக்கினான். மேலே இடமில்லை, கீழே ஈரம், மடியில் ஏற்கெனவே ஒரு பை. கடைசியில் அந்தப் பெட்டி பாதி அவன் மடியிலும் பாதி இவள் மடியிலுமாகக் குறுக்கே படுத்துக்கொண்டது. யாருக்கும் நியாயமாகத் தோன்றாத ஏற்பாடு. ஆனால் பஸ் கிளம்பிவிட்டது.

பைக்காரா தாண்டியதும் மழை பிடித்தது. ஜன்னல் மூடவில்லை. அவன் தன் தோளைக் கொடுத்து அதை அடைத்தான். பெட்டி நனையாமல் இருக்கத்தான் என்று நினைத்தாள் ரேணுகா. அப்புறம் பார்த்தால், பெட்டியின் ஒரு மூலை நனைந்துகொண்டிருக்கிறது... தான் மட்டும் நனையவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான். மழைத்தண்ணீர் இமையில் நிற்க, துடைக்கக் கை இல்லாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தான். என்ன கண் அது... புதுசாக ஊருக்கு வந்த கன்றுக்குட்டி மாதிரி, எதைப் பார்த்தாலும் நம்பிவிடுகிற கண்!

'சீ, என்ன இது' என்று தன்னையே அதட்டிக்கொண்டு தாவணி நுனியை நீட்டினாள். "துடைச்சுக்குங்க. அழுவுற மாதிரி இருக்கு. பாக்குறவங்க நான்தான் அடிச்சேன்னு நெனைப்பாங்க."

"அடிச்சாலும் அடிப்பீங்க போலிருக்குதுங்க."

சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்துக் கடித்தாள்.

பேர் பாலகுமார். ஊர் குன்னூர். அப்பாவுக்கு அங்கே சைக்கிள், ஸ்கூட்டர் ரிப்பேர் கடை. இவன் கோயமுத்தூரில் ஒரு பெரிய கம்பெனியின் தலைமை ஆபீஸில் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. எல்லாம் அவனாகவே சொன்னான்.

"அப்ப இந்தப் பெட்டிக்குள்ள என்ன? ஏதோ பச்சப்புள்ள மாதிரி தூக்கிட்டுப் போறீங்க."

"சந்தோஷத்தை அளக்குற மெஷினுங்க." முகம் மலர்ந்தது. "மூணு பொத்தான் இருக்குமுங்க. சிரிச்ச மூஞ்சி, சும்மா இருக்குற மூஞ்சி, அழுத மூஞ்சி. வேலைக்கு வர்றவங்க தினமும் ஒண்ணை அமுக்கணும். அது நேரா கோயமுத்தூருக்குப் போயிரும். ஜனங்க மனசு எப்படியிருக்குன்னு ஆபீஸ் தெரிஞ்சுக்கலாம். நடுவட்டம் பக்கத்துல எங்க கம்பெனி டீ எஸ்டேட் ஒண்ணு இருக்குதுங்க, அங்கதான்..."

ரேணுகாவின் மடி சில்லிட்டது. அந்தப் பக்கத்தில் எஸ்டேட் என்றால் அந்த ஒரு எஸ்டேட்தான். அவள் கொழுந்து பறிக்கும் எஸ்டேட்.

"எறக்குங்க" என்றாள்.

"என்னதுங்க?"

"என் மடியில இருந்து இந்தச் சனியனை எறக்குங்க!"

மீதி வழி முழுக்க அந்தப் பெட்டி அவன் மடியிலேயே வந்தது. அவள் நின்றுகொண்டே வந்தாள்.

*

அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்றால், அந்த எஸ்டேட்டில் ஆளை வேலையை விட்டு நிறுத்துகிற முறை அப்படி.

தினமும் விடிந்ததும் பெரட்டு. எல்லாரும் களத்தில் கூடையோடு நிற்பார்கள். கங்காணி செல்லையா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தவர்களுக்கு அன்றைக்கு வேலை. இவர்களுடைய பெரியவர்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். செல்லையாவுக்கு இப்போது கம்பெனி 'டீம் லீடர்' என்று பட்டம் கொடுத்திருக்கிறது. ஜனங்களுக்கு அவர் கங்காணிதான்.

அந்த வருஷம் கம்பெனி 'சீரமைப்பு' ஆரம்பித்தது. நோட்டீஸ் கிடையாது, கூப்பிட்டுச் சொல்வது கிடையாது, ஒரு வாய் வார்த்தை கிடையாது. பெரட்டில் பெயர் வராது, அவ்வளவுதான். கூடையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் நின்றுகொண்டே இருப்பாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மலையேறிப் போய்விடுவார்கள். களம் காலியாகும். அவளும் பனியும் மட்டும் மிச்சம். அப்போதுதான் அவளுக்குப் புரிய வேண்டும். அடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி சோற்றில் கை வைத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றார்கள்.

போன வாரம் ரேணுகாவின் அம்மா காத்தாயியின் பெயர் வரவில்லை. ஆயுசு முழுக்க அந்த மலையில் பறித்த கை அது. தன் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து, காத்தாயி மறுநாளும் போய் முன்வரிசையில் நின்றாள். அதற்கு மறுநாளும். இன்னும் நிற்கிறாள்.

வீட்டில் ஒருவர் பெயராவது பெரட்டில் இருந்தால்தான் எஸ்டேட் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வீடு. இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இப்போது அந்த வீடு ரேணுகாவின் பெயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பெயரும் விடுபட்டால், அம்மாவும் மகளும் ரோட்டில்.

இந்த லட்சணத்தில் சந்தோஷத்தை அளக்க மெஷின்!

*

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் மெஷின் நின்றது. பக்கத்தில் மஞ்சள் பலூன்கள். 'மகிழ்ச்சி வாரம்' என்று பேனர். நடுவில் பாலகுமார், கழுத்தில் அடையாள அட்டையோடு. ரேணுகாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அவள் முகம் பாறை.

அவன் விளக்கி முடித்ததும் சந்தேகங்கள் கிளம்பின.

"அழுத மூஞ்சியை அமுக்குனா பேரை எடுத்துருவாங்களாமே?" இது பேச்சி.

"இல்ல, சிரிச்ச மூஞ்சியை அமுக்குனாத்தான் எடுப்பாங்களாம். சந்தோஷமா இருக்குறவ போனாலும் அழமாட்டாளாம்" என்றாள் மகாலட்சுமி.

"நடுவுல உள்ளதை அமுக்குனா?"

"அது மேனேஜர் மூஞ்சி மாதிரியே இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

ஒருத்தரும் தொடவில்லை. பாலகுமார் தவித்துப்போனான். கடைசியில் பேச்சிதான் காரணத்தைச் சொன்னாள். "புது மெஷினுக்குப் பொட்டு வைக்காம எப்படித் தொடுறது? ஃபேக்டரிக்குப் புது உருளை வந்தப்ப, பூஜை போடாம ஓட்டி ஒருத்தன் விரலையே வாங்கிடுச்சு."

அந்த எஸ்டேட்டில் மருந்தடிக்கும் பம்பு வந்தால்கூடச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் தொடுவார்கள். அது மலையில் எழுதாத சட்டம். சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குக் குளித்துவிட்டு வந்தவள் ரேணுகா. கிண்ணம் அவள் கைக்கு வந்தது.

"முகம்னு இருந்தா பொட்டு இல்லாம வெறுமையா இருக்கக் கூடாது" என்றாள் பேச்சி.

சிரித்த முகத்துக்கு ஒரு பொட்டு. சும்மா இருந்த முகத்துக்கு ஒரு பொட்டு. அழுத முகத்துக்கு வந்ததும் ரேணுகாவின் கை நின்றது. முன்வரிசையில் அம்மா, கட்டிய கூடையோடு, வராத பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு... விரல் நிறையச் சந்தனத்தை வழித்து அந்த முகத்தில் அப்பினாள். கோயில் அம்மனுக்குக்கூட அவ்வளவு காப்பு கிடையாது.

அதன் பிறகு செல்லையா பெயர்களைக் கூப்பிட்டார். காத்தாயி என்ற பெயர் வரவில்லை. எல்லாரும் மேலே போனார்கள். காத்தாயி நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரட்டைப் பார்த்த பாலகுமார், அவளிடம் போய், "அம்மா, நீங்க போகலையா?" என்று கேட்டான்.

"கூப்பிடுவாங்க தம்பி" என்றாள் காத்தாயி. "நாளைக்குக் கூப்பிடுவாங்க."

பக்கத்தில் ஒரு பலூன் வெடித்தது.

*

சாயங்காலம் ரோட்டோரக் கடையில் ரேணுகா தீப்பெட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது பாலகுமார் வந்து நின்றான்.

"எனக்குத் தெரியாதுங்க. இப்படித்தான் நிறுத்துவாங்கன்னு சத்தியமா தெரியாதுங்க."

"தெரிஞ்சா என்ன பண்ணியிருப்பீங்க? நாலாவதா ஒரு பொத்தான் வெச்சிருப்பீங்களா?"

"உங்க பேரு போகாம நான் பாத்துக்கறனுங்க. ஆபீஸ்ல எனக்கு ஒருத்தரைத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னா..."

அவ்வளவுதான். ரேணுகாவின் கண்கள் எரிந்தன. "என் பேருக்கு மட்டும் ஒரு வார்த்தையா? பேச்சிக்கு யார் சொல்றது? எங்கம்மாவுக்கு யார் சொல்றது? வேலை செஞ்ச கைக்கு சிபாரிசு வேற வேணுமா? போங்க சார், போய் உங்க பலூனை ஊதுங்க!"

விடுவிடுவென்று நடந்தாள். வளைவு திரும்பும்போது மட்டும்... ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவன் அங்கேயே நின்றான், மழையில். குடையைக் கையில் வைத்துக்கொண்டே விரிக்க மறந்து. 'கிறுக்கு' என்று முணுமுணுத்தாள். திட்டினால் மனசு ஆறும் என்பார்கள். அவளுக்கு ஆறவில்லை.

*

நடுவட்டத்து ஈரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அடுத்து நடந்ததை நம்புவார்கள். பனி சந்தனத்துக்குள் இறங்கியது. சந்தனம் பொத்தானுக்குள் இறங்கியது. அழுத முகம் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ராத்திரி பூராவும் அது தன்னைத் தானே அமுக்கிக்கொண்டு அழுதது. விடிவதற்குள் கோயமுத்தூர் ஆபீஸின் பெரிய திரை ஓரம் மிச்சமில்லாமல் சிவந்துவிட்டது. கணக்குப்படி அந்த எஸ்டேட்டில் அழுதவர்கள், நீலகிரி மாவட்டத்தின் ஜனத்தொகையைத் தாண்டி கர்நாடகாவுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து முதலாளிகளில் ஒருவர் போன் போட்டு, "அங்கே ஏதாவது கலவரமா?" என்று கேட்டாராம்.

சந்தன விஷயம் மேனேஜர் மூலம் காதுக்கு எட்டியதும் ஆபீஸ் பாலகுமாரைப் பிடித்தது. மெஷின் பழுது என்று எழுதி அனுப்பு, பொட்டு வைத்தது யாரென்று சொல், உன் வேலை பிழைக்கும் என்றது.

"மெஷின் சரியாத்தான் வேலை செய்யுதுங்க சார்" என்றான் பாலகுமார்.

மறுநாள் பெரட்டுக்கு கோயமுத்தூர் ஆபீஸின் மனிதவளத் தலைவர் ஆஷ்லி என்பவரே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. அந்த ஷூ களத்துச் சேற்றைப் பார்த்துத் தயங்கியது.

"பால்குமார்! இது பழுதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு."

பாலகுமார் மெஷினைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். முன்வரிசையில் காத்தாயி.

"சொல்ல முடியாதுங்க சார். நான் அளக்க வந்தது இந்த ஜனங்க மனசை. அது இப்படித்தான் இருக்குது. இன்னும் கம்மியாத்தான் காட்டுதுன்னு நினைக்கறனுங்க."

"அப்ப பொட்டு வெச்சது யார்?"

"நான்தானுங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். காது நுனிவரை சிவந்துவிட்டது.

'பாவி... யாரைக் கேட்டு இதைச் சொன்னான்?' என்று நினைத்தாள் ரேணுகா. சந்தோஷமா கோபமா என்று பார்க்க நேரமில்லை. கால் முன்னால் வந்துவிட்டது.

"அவருக்கு சந்தனம் குழைக்கவே தெரியாது. நான்தான் வெச்சேன். அதுல தப்பு என்ன இருக்கு? ஒரு வருஷமா இந்தக் களத்துல ஒவ்வொருத்தியா அழுதுட்டுப் போறா. அப்பெல்லாம் வராத காரு, ஒரு பொத்தான் அழுததும் வருதே! இதுக்கு முன்னாடி எங்க போயிருந்துச்சு உங்க காரு?"

ஆஷ்லியின் முகத்தில் மூன்று பொத்தானில் எதிலும் இல்லாத ஒரு முகம் வந்தது. "பால்குமார், அட்டையைக் கழட்டிக் குடு. நீ போகலாம்." செல்லையா பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு பேரைக் கூப்பிடாதே. மத்தவங்களைக் கூப்பிடு."

காத்தாயி மகளின் கையைப் பிடித்தாள். அந்த ஒரு பெயரில்தான் வீடு, அடுப்பு, கூரை, எல்லாம். ரேணுகா அசையவில்லை.

செல்லையா தொண்டையைச் செருமினார். "பேச்சி!"

பேச்சி எதிரிலேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"பேச்சி!"

பேச்சி மலையைப் பார்த்தாள்.

"மகாலட்சுமி!"

பதில் இல்லை. அடுத்த பெயர். பதில் இல்லை. அதற்கடுத்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போய்க் காணாமல் போயின. யாரும் சொல்லி வைக்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூடையைக் கட்டிக்கொண்டு, கண்ணை நேரே வைத்துக்கொண்டு, அத்தனை பேரும் நின்றார்கள்.

"என்னய்யா இது? ஆள் இருக்காங்களா இல்லையா?" ஆஷ்லி கத்தினார்.

"கண்ணுக்குத் தெரியுறாங்க தொரை" என்றார் செல்லையா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். "காதுக்குத்தான் கேக்கல. 'இருக்கேன்'னு சத்தம் வராம நான் எப்படி வேலைக்கு அனுப்புறது? கம்பெனி சட்டம். விளங்குதா?"

கோடை மழைக்குப் பிறகு மலை முழுக்கக் கொழுந்து தளதளவென்று நின்றது. இன்றைக்குப் பறிக்காவிட்டால் நாளைக்கு முற்றும். முற்றிய இலையை மாடுகூடத் தின்னாது. இந்த ஒரு விஷயம் கம்பெனிக்கு மெஷின் வைக்காமலே தெரியும். வெயில் ஏறியது. ஃபேக்டரி மேனேஜர் ஓடிவந்து ஆஷ்லியின் காதில் ஏதோ சொன்னார். ஆஷ்லி காரைச் சுற்றிச் சுற்றி நடந்து போனில் பேசினார். வெள்ளை ஷூ இப்போது நல்ல மண் நிறம்.

"சரி, எல்லார் பேரும். விட்டதையும் சேர்த்து" என்றார் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல். "இந்தக் கொழுந்து முடியற வரைக்கும்தான்."

அதற்கப்புறம் என்ன என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் இந்த ஜனங்களுக்கும் வாய் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்துவிட்டது.

செல்லையா நிமிர்ந்தார். அத்தனை நாளும் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்த பெயரை முதலில் எடுத்தார்.

"காத்தாயி!"

"இருக்கேன்!" மந்தக் காது என்று யார் சொன்னது? எதிர் மலையில் மேய்ந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

*

'ரேணுகா' என்று கூப்பிட்டதும் அவளும் குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பினால்... அவன் நின்ற இடம் காலி.

கொழுந்து பறித்தாள். கை பறித்தது, மனசு பறிக்கவில்லை. 'சொல்லிக்காம போயிட்டானே. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னவாம்?' மதிய எடை முடிந்ததும் கூடையை இறக்கினாள்.

"எங்க புள்ள போற? இப்ப போனா பாதி நாள் கூலிதான் போடுவேன்" என்றார் செல்லையா.

"போடுங்க கங்காணி!"

நடுவட்டம் பஸ் ஸ்டாப்பில் மழை. கடை வாசலில் பையை அணைத்துக்கொண்டு பாலகுமார். காலையிலிருந்து இரண்டு ஊட்டி பஸ்கள் போயிருந்தன. இரண்டிலும் இடம் இல்லை என்று கடைக்காரரிடம் சொல்லியிருந்தான். இரண்டும் காலியாகத்தான் போயின.

மூச்சு வாங்க வந்து நின்றாள் ரேணுகா. இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உங்களை யாருங்க பொய் சொல்லச் சொன்னது?"

"தப்புத்தானுங்க."

"வேலையை விட்டுட்டு வீரம் பேசச் சொன்னது யாரு?"

"அதுவும் தப்புத்தானுங்க."

"சொல்லாம வந்தீங்களே, அது?"

அவன் தலையைக் குனிந்தான். "எந்த முகத்தோட வந்து சொல்றதுங்க? அந்தப் பெட்டியை உங்க மடியில வெச்சுக் கொண்டுவந்தவன் நான். இப்ப வேலையும் இல்ல. அப்பா கடையில போய் டயருக்குக் காத்து அடிக்கணும். அந்தக் கையை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட..." நிறுத்தினான்.

"எங்கிட்ட?"

மழை அவனுக்காகக் கொஞ்சம் பொறுத்தது.

"உங்களைப் புடிச்சிருக்குதுங்க" என்றான். "நீங்க பஸ்ஸுல தாவணியை நீட்டுனப்பவே புடிச்சுப்போச்சு. திட்டுனப்ப இன்னும் கொஞ்சம். அந்தாள்கிட்ட நீங்க பேசுனப்ப... எனக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க."

ரேணுகாவுக்கு அழுகை வந்தது. அழாமலிருக்கக் கோபப்பட்டாள். "எனக்கு உங்களைப் பார்த்தாலே கோவம் வருது. பாக்காட்டி அதைவிடக் கோவம் வருது. காலையில இருந்து ஒரு கொழுந்து ஒழுங்கா பறிக்கல, எல்லாம் உங்களாலதான். எனக்கும்தான் புடிச்சிருக்கு... போதுமா? இதைச் சொல்றதுக்குப் பாதி நாள் கூலியை விட்டுட்டு ஓடி வந்திருக்கேன், கேட்டீங்களா?"

வளைவில் ஊட்டி பஸ் ஹாரன் அடித்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"கேட்டனுங்க" என்றான், மெதுவாக. "இப்ப நான் என்ன செய்யட்டுமுங்க?"

"வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அடிப்பாங்க."

"நான் சொன்னா?"

"உங்களையும்தான் அடிப்பாங்க."

பாலகுமார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவளுக்கு முன்னால் இறங்கினான்.